ரெசீடா வீட்டுப் பாடல்கள்: ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் எழுந்ததும் உடைந்ததும்

லாஸ் ஏஞ்சல்ஸின் வட ஹாலிவுட் பகுதியில் நூடி கோன் என்ற தையற்கலைஞருக்கு ஒரு கடை இருந்தது. கீவ் நகரில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். கன்ட்ரி பாடகர்கள் மேடையில் அணியும் பூவேலை செய்த, கல் பதித்த பளபளப்பான உடைகளுக்கு அந்தக் கடைதான் பேர்போனது. எல்விஸ் பிரெஸ்லி 1957இல் அணிந்த தங்க நிற உடையும் நூடி தைத்ததுதான். அந்தக் கடையில், மனுவேல் குவேவாஸ் என்ற இளம் மெக்சிகோக் கலைஞரின் கைவண்ணத்தில், ஒரு புதிய குழுவுக்காக நான்கு உடைகள் தயாராயின. ஒன்றில் மயில். ஒன்றில் ரோஜா. ஒன்றில் இறக்கை விரித்த தொல்விலங்கு. நான்காவது வெள்ளை உடை. அதில் கசகசாப் பூக்களும் கஞ்சா இலைகளும் மாத்திரைகளும் பெண் உருவங்களும் பின்னப்பட்டிருந்தன. முதுகில் பெரிய சிலுவை, கால்களில் மேலேறும் தீ நாக்குகள். அந்த உடைகளோடு நால்வரும் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ஒரு குடிசையின் முன்னால் நின்றார்கள். பேரி ஃபைன்ஸ்டைன் எடுத்த அந்தப் படம், 1969 பிப்ரவரியில் ஏ அண்ட் எம் நிறுவனம் வெளியிட்ட ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ என்ற இசைத்தட்டின் உறையானது. குழுவின் பெயர் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்.

அந்த உடைகளைப் பார்த்து அன்றைக்கு இரண்டு தரப்பாரும் முகம் சுளித்தார்கள். அதன் காரணம் தெரிந்தால்தான் இந்தக் குழுவின் கதை பிடிபடும்.

அறுபதுகளின் இறுதியில் அமெரிக்கா இரண்டாகப் பிளந்து கிடந்தது. வியட்நாம் போரை எதிர்த்த நீளமுடி இளைஞர்கள் ஒருபுறம். கொடியையும் தேவாலயத்தையும் குடும்பத்தையும் உயிராக நினைத்த தென்மாநில மக்கள் மறுபுறம். முதல் தரப்பின் இசை ராக். இரண்டாம் தரப்பின் இசை கன்ட்ரி. மெர்ல் ஹாகர்ட் 1969இல் வெளியிட்ட ‘ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி’ பாடல், ஹிப்பிகளைக் கண்டு சிறுநகரத்து மனிதன் கொண்ட எரிச்சலைப் பாடிப் பெருவெற்றி பெற்றது. ஒரு இளைஞனின் தலைமுடி எவ்வளவு நீளம் என்று பார்த்தே அவன் எந்தப் பாட்டைக் கேட்பான் என்று சொல்லிவிடலாம் என்ற காலம். அந்தக் காலத்தில் நீளமுடியும் வைத்துக்கொண்டு, கஞ்சா இலையையும் சிலுவையையும் ஒரே உடையில் பின்னிக்கொண்டு, முழு மனத்தோடு கன்ட்ரி பாடினார்கள் இவர்கள். கேலிக்காகப் பாடியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இவர்கள் அழுதுகொண்டே பாடினார்கள்.

வெள்ளை உடைக்காரர் கிராம் பார்சன்ஸ். 1946 நவம்பர் 5 அன்று ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவனில் பிறந்தார். இங்ராம் செசில் கானர் என்பது பிறப்பில் வைத்த பெயர். தாய்வழிக் குடும்பம் ஆரஞ்சுத் தோட்டங்களால் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம். ஜார்ஜியாவின் வேகிராஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தார். ஒன்பது வயதில், 1956இல், அந்த ஊருக்கு வந்த எல்விஸின் நிகழ்ச்சியைப் பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். தாய் மறுமணம் செய்தபின் வந்த மாற்றாந்தந்தையின் பெயர்தான் பார்சன்ஸ். 1965இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலேயே தாயும் குடியால் உடல் கெட்டு இறந்தார். அந்த ஆண்டே ஹார்வர்டில் சேர்ந்து, ஒரு பருவத்துக்குள் வெளியேறி, பாடகராகிவிட்டார். ஆண்டுதோறும் குடும்ப அறக்கட்டளையிலிருந்து பணம் மட்டும் தவறாமல் வந்தது. அந்தப் பணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்; கதையில் அது மறுபடி வரும்.

மயில் உடைக்காரர் கிறிஸ் ஹில்மன். பார்சன்ஸைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இவரை உடன்வந்த நண்பராக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1944இல் பிறந்த ஹில்மன், சான்டியேகோ பக்கத்துப் பண்ணை நிலத்தில் வளர்ந்து, பதின்பருவத்திலேயே ப்ளூகிராஸ் என்ற கிராமிய இசைக் குழுக்களில் மேண்டலின் வாசித்தவர். 1964இல் பர்ட்ஸ் என்ற ராக் குழுவில் பாஸ் கிதார் கலைஞராகச் சேர்ந்தார். 1965இல் அந்தக் குழுவைக் கன்ட்ரிப் பாட்டான ‘சாட்டிஸ்ஃபைட் மைண்ட்’டைப் பதிவுசெய்ய வைத்தவர் அவர்தான். 1967இல் அவர் எழுதிய ‘டைம் பிட்வீன்’ என்ற பாடலைக் கேட்டால், அதில் கிளாரன்ஸ் வைட்டின் கிதாரோடு கன்ட்ரி ராக்கின் உருவம் ஏறக்குறைய முழுமையாகவே தெரியும். பார்சன்ஸ் அப்போது இன்னும் அந்தக் குழுவின் வாசற்படியை மிதிக்கவே இல்லை.

ஆகவே கன்ட்ரி ராக்கை ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்று சொல்வதில் பொருளில்லை. 1967–68இல் கலிஃபோர்னியாவில் பலரும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். பார்சன்ஸ் தன் இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட் குழுவோடு ‘சேஃப் அட் ஹோம்’ பதிவுசெய்தார். ஜீன் கிளார்க்கும் டக் டில்லார்டும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். ரிச்சி ஃபுரேயும் ஜிம் மெசினாவும் போக்கோ குழுவை உருவாக்கினார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ் கூர்மையான மின்கிதாரோடு பாடிய கன்ட்ரி, இவர்கள் எல்லாரின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு சிலரிடம்தான் அது வெறும் பாணியாக இல்லாமல் வாழ்க்கையின் வலியைச் சொல்லும் மொழியாக மாறியது.

1968 தொடக்கத்தில் ஹில்மனும் பார்சன்ஸும் பெவர்லி ஹில்ஸில் ஒரு வங்கியில் சந்தித்துக்கொண்டார்கள். சில வாரங்களில் பார்சன்ஸ் பர்ட்ஸ் குழுவில் இருந்தார். மார்ச் மாதம் குழு நாஷ்வில் போய் ஒலிப்பதிவு செய்தது. மார்ச் 15 அன்று கன்ட்ரி இசையின் கருவறை என்று கருதப்படும் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில், ரைமன் அரங்கின் மேடையில் ஏறினார்கள். ஒரு ராக் குழு அங்கே ஏறியது அதுவே முதல்முறை. அரங்கில் இளக்காரமான கூச்சல் எழுந்தது. பார்சன்ஸ் அறிவிக்கப்பட்ட பாடலை விட்டுவிட்டு, தன் பாட்டிக்குக் காணிக்கை என்று சொல்லி, தானே இணைந்து எழுதிய ‘ஹிக்கரி விண்ட்’ பாடலைப் பாடினார். ஆப்ரி நிர்வாகத்துக்குக் கடுங்கோபம். டபிள்யூ.எஸ்.எம். வானொலியின் ரால்ஃப் எமெரி ஒலிபரப்பிலேயே குழுவை அவமதித்தார்.

அந்த ஆகஸ்டில் வெளிவந்த பர்ட்ஸின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 77ஆம் இடத்தோடு நின்றது. பர்ட்ஸ் போன்ற புகழ்பெற்ற குழுவுக்கு அது சறுக்கல். அதற்கு முன்பே, ஜூலையில், பார்சன்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டார். லண்டனில் நிகழ்ச்சி முடிந்த கையோடு தென்னாப்பிரிக்கப் பயணம் இருந்தது. நிறவெறி ஆளும் நாட்டில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவருடைய உண்மையான நோக்கம் புதிதாகக் கிடைத்த, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் நட்பைவிட்டுப் பிரிய மனமில்லாததுதான் என்று ஹில்மன் கசந்துகொண்டார். நோக்கம் எதுவானாலும் மறுப்பு சரியானது. போன பர்ட்ஸுக்கு அந்தப் பயணம் பெரும் கெட்டபெயரைத்தான் தந்தது. ஆனால் ஓரிரவில் நண்பர்களை நட்டாற்றில் விட்டுச் செல்லும் பழக்கம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஹில்மனும் பர்ட்ஸை விட்டு வெளியேறினார். மேலாளர் லாரி ஸ்பெக்டர் குழுவின் பணத்தைக் கையாண்ட விதம் அவரை வெகுண்டெழச் செய்திருந்தது. மணவாழ்க்கையும் அப்போது முறிந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பிய பார்சன்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஹில்மன் ஏற்றுக்கொண்டார். இருவரும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ரெசீடா என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்கினார்கள். ‘பரிட்டோ மேனர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குழுவின் பெயர்கூட இரவல்தான்: பார்சன்ஸின் பழைய குழு நண்பர் இயன் டன்லப் தன் நண்பர்களோடு வைத்திருந்த குழுவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையின் மையம் அந்த வீடுதான். ஹாலிவுட்டின் விருந்துகளிலிருந்து விலகிய, பேச்சுத் துணைக்கு ஒருவரை விட்டால் மற்றவர் இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் புண்பட்ட மனம். காலையில் எழுந்ததும் காப்பி, பிறகு கிதார், பிறகு எழுத்து. ‘சின் சிட்டி’, ‘கிறிஸ்டீன்ஸ் டியூன்’, ‘வீல்ஸ்’, ‘ஹுவானிடா’ எல்லாம் 1968இன் கடைசி மாதங்களில் இப்படி எழுந்தவை. ‘சின் சிட்டி’யின் தொடக்க வரிகள் ஒருநாள் காலையில் தனக்கு வந்ததாகவும், தூங்கிக்கொண்டிருந்த பார்சன்ஸை எழுப்பி இருவருமாக அரைமணி நேரத்துக்குள் முடித்ததாகவும் ஹில்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸைப் பாவம் மலிந்த நகரமாக, நிலநடுக்கத்தில் அழியக் காத்திருக்கும் ஊராகக் காட்டும் பாடல் அது. அதில் வரும் முப்பத்தொன்றாம் மாடி, மேலாளர் ஸ்பெக்டர் குடியிருந்த அடுக்குமாடியின் மாடி. கொலையுண்ட ராபர்ட் கென்னடியின் நிழலும் பாட்டில் விழுகிறது. ஏமாந்தவனின் தனிப்பட்ட கோபம், பழைய தென்மாநிலத் தேவாலயப் பாட்டின் சாயலில், ஒரு நகரத்தின் மீதான தீர்ப்பாகிறது. கன்ட்ரி ராக்கில் இதற்கு இணையான பாடல்கள் மிகக் குறைவு.

பாடியவிதம் இன்னும் முக்கியம். லூவின் பிரதர்ஸ், எவர்லி பிரதர்ஸ் போன்ற உடன்பிறந்தோர் இணைகள் அமெரிக்கக் கிராமியப் பாட்டில் ஒரு மரபை விட்டுச் சென்றிருந்தார்கள். ஒருவர் மெட்டைப் பிடிக்க, மற்றவர் அதற்கு மேலோ கீழோ ஒரு நெருக்கமான சுர இடைவெளியில் ஒட்டிக்கொண்டே வருவார். கேட்பவருக்கு எது முதற்குரல் என்று பிரித்தறிவதே கடினம். பார்சன்ஸின் குரல் நடுங்கும், உடையும், சில இடங்களில் சுருதியையும் விட்டுவிடும். ஹில்மனின் குரல் வறண்டது, நேரானது, அசையாதது. அந்த நேர்க்கோடு இல்லாவிட்டால் பார்சன்ஸின் நடுக்கம் வெறும் அழுகையாகிவிடும். குழுவின் பெயரில் இருந்த ‘சகோதரர்கள்’ என்ற சொல்லுக்கு அந்த ஒரு ஆல்பத்தில் இருவரும் பாடியே உரிமை தேடிக்கொண்டார்கள்.

பாஸ் கிதார் வாசித்த கிறிஸ் எத்ரிட்ஜ், மிசிசிப்பியின் மெரிடியன் நகரத்துக்காரர். கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸின் ஊர் அது. ஆல்பத்தின் மிகச் சிறந்த இரண்டு காதல் பாடல்களான ‘ஹாட் பரிட்டோ’ முதலாவதும் இரண்டாவதும் எத்ரிட்ஜும் பார்சன்ஸும் சேர்ந்து எழுதியவை. தலைப்பு விளையாட்டாகத் தோன்றும். முதலாவது பாடலில் பார்சன்ஸ் பாடியிருப்பதைப் போல அவர் வாழ்நாளில் வேறெங்கும் பாடவில்லை.

நான்காமவர் ‘ஸ்நீக்கி’ பீட் க்ளைனோ. மற்ற மூவரும் இருபதுகளில் இருக்க, 1934இல் பிறந்த இவர் முப்பதைக் கடந்தவர். மனைவி, பிள்ளைகள், ஒழுங்கான வேலை எல்லாம் உடையவர். பகலில் ‘கம்பி’ என்ற களிமண் பொம்மைத் தொடருக்கு அசைவூட்டக் கலைஞர். இரவில் கிளப்புகளில் பெடல் ஸ்டீல் கிதார்.

பெடல் ஸ்டீல் கிதாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய இந்தித் திரைப்பாடல்களில் வழுக்கிச் செல்லும் ஹவாயன் கிதாரைப் பலர் கேட்டிருப்பார்கள். கிதாரைப் படுக்கவைத்து, தந்திகளின் மேல் ஒரு உலோகத் துண்டை நகர்த்தி, சுரத்திலிருந்து சுரத்துக்குக் கமகமாக இழுத்துச் செல்லும் முறை அது. அதற்குக் கால்கள் பொருத்தி, கீழே பெடல்கள் வைத்து, மிதிக்கும்போது குறிப்பிட்ட தந்தியின் சுருதி மட்டும் ஏறி இறங்கும்படி செய்ததே பெடல் ஸ்டீல். ஒரு தந்தி நிலையாக நிற்க, பக்கத்துத் தந்தி மெல்ல நெகிழ்ந்து அதோடு வந்து சேரும் அந்த ஓசைதான் கன்ட்ரி இசையின் விம்மல். நாஷ்வில் கலைஞர்கள் அதை மிகத் தூய்மையாக வாசிப்பார்கள். க்ளைனோ தன் எட்டுத் தந்திக் கருவியை, ராக் கிதாருக்கு உரிய ஃபஸ் கருவிக்குள் செலுத்தினார். ஆர்கனுக்கு உரிய சுழல் ஒலிபெருக்கியிலும் விட்டார். ‘கிறிஸ்டீன்ஸ் டியூன்’ பாடலில் அது மின்கிதாராக உறுமுகிறது. ‘வீல்ஸ்’ பாடலில் மோட்டார்சைக்கிளாகப் பாய்கிறது. அவரைப் பார்த்துப் பின்னால் வந்த ஸ்டீல் கலைஞர்கள் பலர் வாசித்தாலும், அந்தத் துணிச்சல் எளிதில் யாருக்கும் கைவரவில்லை. ஆல்பத்தில் தனியாக முன்னணி மின்கிதார் கலைஞர் என்று ஒருவர் இல்லை. அந்த இடம் முழுவதும் க்ளைனோவுடையது.

இன்னொரு செய்தி. அந்த ஆல்பத்தில் இவர்கள் எழுதாத பாடல்கள் இரண்டு: ‘டூ ரைட் வுமன்’, ‘டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’. இரண்டையும் எழுதியவர்கள் டான் பென்னும் சிப்ஸ் மோமனும். முதலாவதை அரேதா ஃப்ராங்க்ளினும் இரண்டாவதை ஜேம்ஸ் காரும் 1967இல் பாடிப் புகழ்பெறச் செய்தார்கள். கறுப்பினப் பாடகர்களின் சோல் பாடல்களைக் கன்ட்ரி வாத்தியங்களோடு பாடும்போது இரண்டுக்கும் இடையில் தையல்கூடத் தெரியவில்லை. கடைகளின் அலமாரியும் வானொலி நிலையங்களும் இனம் பார்த்துப் பிரித்துவைத்த இரண்டு இசைகளும் தெற்கின் ஒரே மண்ணில் விளைந்தவை என்பதை பார்சன்ஸ் வேகிராஸிலேயே உணர்ந்திருக்க வேண்டும். ‘காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்’ என்று அவர் பெயரிட்டு அழைத்தது இதைத்தான். வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச்சேர்ப்பை மறுத்துக் கனடாவுக்குப் போக நினைக்கும் இளைஞனின் பாட்டாக ‘மை அங்கிள்’ ப்ளூகிராஸ் நடையில் வந்ததும், சிகாகோ கலவரத்தின் நினைவில் ‘ஹிப்பி பாய்’ என்ற உரைநடைப் பாட்டு கடைசியில் வைக்கப்பட்டதும் தற்செயல் அல்ல. பழமைவாதிகளின் மொழி என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் அவர்களின் பிள்ளைகளுடைய அச்சத்தைப் பாடிக் காட்டினார்கள்.

ஆல்பம் வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன் இதழில், வேகிராஸிலிருந்தே வந்த எழுத்தாளர் ஸ்டான்லி பூத் பாராட்டி எழுதினார். பாப் டிலன் வெளிப்படையாகப் புகழ்ந்தார். விற்பனையோ நகரவில்லை, பில்போர்டில் 164ஆம் இடம். கன்ட்ரி வானொலிகள் நீளமுடிக்காரர்களைத் தொடவில்லை. ராக் ரசிகர்களுக்கு ஸ்டீல் கிதாரின் ஓசையே தங்கள் மாமன்களின் ஓசை. ஏ அண்ட் எம் நிறுவனத்துக்கோ, ஹெர்ப் ஆல்பர்ட்டின் டிரம்பெட் இசையால் வளர்ந்த நிறுவனம் அது, இந்தக் குழுவை எந்தக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்றே பிடிபடவில்லை.

இருந்தும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை இவர்கள் ரயிலில் செலவழித்தார்கள். பார்சன்ஸுக்கு விமானத்தில் ஏற அச்சம். எனவே நாடு தழுவிய முதல் பயணத்தை ரயிலில் போவதென்று முடிவானது. சிகாகோ, டெட்ராய்ட், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று நீண்ட பயணம். பெட்டிக்குள் இரவும் பகலும் சீட்டாட்டம், போதை மருந்து. ஒத்திகை கிடையாது. பர்ட்ஸின் பழைய டிரம் கலைஞர் மைக்கேல் கிளார்க் அப்போதுதான் குழுவில் சேர்ந்திருந்தார். ஆல்பத்தில் பல டிரம்மர்கள் மாறிமாறி வாசித்திருந்ததால், ஐந்துபேராக நின்று ஒரே தாளத்தில் மூச்சுவிடும் பழக்கமே குழுவுக்கு வரவில்லை. மேடையில் சில இரவுகள் பிரமாதமாக இருக்கும். பல இரவுகள் சுருதி சேராமல் போகும். ஊர் திரும்பியபோது மிஞ்சியது நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடன். அந்தப் பயணத்தில் எழுதிய ‘தி டிரெயின் சாங்’ சிங்கிளும் எடுபடவில்லை.

மறுபடி அறக்கட்டளைப் பணத்துக்கு வருவோம். குழுவில் மற்ற எல்லாரும் மேடை ஏறினால்தான் வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்ற நிலையில் இருந்தவர்கள். பார்சன்ஸ் மட்டும் ஏறாவிட்டாலும் எதுவும் குறையாது. ஒத்திகைக்கு வராமலிருக்கலாம். மறுநாள் நிகழ்ச்சி இருக்க, இரவெல்லாம் வேறெங்கோ இருக்கலாம். பார்சன்ஸின் திறமையில் ஒரு குறையுமில்லை. ஒழுங்குக்கு அவரை இழுத்துப் பிடிக்கும் கட்டாயம்தான் எதுவுமில்லை. ஹில்மன் ப்ளூகிராஸ் பள்ளியில் வளர்ந்தவர். விரல் நோகப் பயிற்சி செய்யாதவனுக்கு அங்கே இடமில்லை. குழு உடைந்ததற்குப் போதையைப் பலர் காரணமாகச் சொல்வார்கள், அது மெய்தான். அதைவிட ஆழமான காரணம் இந்த வேற்றுமை என்றே தோன்றுகிறது.

1969 இலையுதிர்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார்கள். பார்சன்ஸ் அவர்கள் கூடவே கிடந்தார். ஒருநாள் பரிட்டோஸின் நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட, ஹில்மன் அவரைத் தேடி ஸ்டோன்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போக வேண்டியதாயிற்று. பார்சன்ஸ் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருக்க, மிக் ஜாகர்தான் அவரிடம், குழுவுக்கும் ரசிகர்களுக்கும் உன் கடமை இருக்கிறது, கிளம்பு என்று சொன்னதாக ஹில்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். வேறொரு குழுவின் தலைவர் சொல்லித்தான் தன் குழுவின் மேடைக்குப் போகவேண்டியிருந்த நிலை.

அதற்குள் எத்ரிட்ஜ் விலகிவிட்டார். ஹில்மன் மறுபடி பாஸுக்குப் போனார். கிதாருக்கு பெர்னி லெடன் வந்தார். டிசம்பர் 6 அன்று ஆல்டமான்ட் பந்தயத் திடலில் சுமார் மூன்று லட்சம் பேர் திரண்ட இலவச நிகழ்ச்சி. சான்டானா, ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் ஆகியோருக்குப் பிறகு பரிட்டோஸ் வாசித்தார்கள். காவலுக்கு அமர்த்தப்பட்ட ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலின் அடிதடி அவர்கள் வாசித்தபோது சற்றே அடங்கியிருந்தது. அன்றிரவு ஸ்டோன்ஸ் வாசித்துக்கொண்டிருக்கையில் மெரிடித் ஹன்டர் என்ற கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். ‘கிம்மி ஷெல்டர்’ ஆவணப்படத்தில் பரிட்டோஸ் ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்’ வாசிக்கும் சிறு காட்சி இருக்கிறது.

இரண்டாவது ஆல்பம் ‘பரிட்டோ டீலக்ஸ்’ 1970 வசந்தத்தில் வந்தது. ரெசீடா வீடு அதற்கு முன்பே கலைந்துவிட்டது. பார்சன்ஸ் ஹாலிவுட் பக்கம் போய்விட்டார். ஆல்பத்தைக் கேட்டால் அது தெரிகிறது. டிலனின் பாட்டு ஒன்று, பழைய பக்திப் பாட்டு ஒன்று, பார்சன்ஸின் பழைய பாட்டு ஒன்று என்று இடம் நிரப்பியிருக்கிறார்கள். வாசிப்பு முன்னைவிட இறுக்கம், உயிர் குறைவு. அதில் நிற்கும் பாடல் ‘வைல்ட் ஹார்சஸ்’. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய அந்தப் பாட்டை, ஸ்டோன்ஸே 1971இல் வெளியிடுவதற்கு முன்னால், பரிட்டோஸ் வெளியிட அனுமதித்தார்கள். பார்சன்ஸின் கடைசி அழகான பரிட்டோஸ் பதிவு வேறொருவர் எழுதிய பாட்டாக அமைந்ததில் துயரம் இருக்கிறது.

ஆல்பம் பட்டியலிலேயே ஏறவில்லை. பார்சன்ஸ் மோட்டார்சைக்கிளில் விழுந்து கடுமையாக அடிபட்டார். தேறி வந்தபின் மேடையில் குழு ஒரு பாட்டைத் தொடங்க, இவர் நினைவு எங்கோ இருக்கும் நிலை. 1970 ஜூனில் ஹில்மன் அவரை விலக்கினார். குழு தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிக் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் வந்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அவர் எழுதிய ‘கொலராடோ’ நல்ல பாட்டு. க்ளைனோ போனார், அல் பெர்கின்ஸ் வந்தார். லெடன் போனார். அவர் போய்ச் சேர்ந்த புதிய குழு ஈகிள்ஸ். 1971 இறுதியில் ஸ்டீபன் ஸ்டில்ஸ் அழைக்க, ஹில்மனும் பெர்கின்ஸும் மனாசஸ் குழுவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு நேரடி நிகழ்ச்சி ஆல்பம் வந்தது. முதல் பரிட்டோஸ் அதோடு முடிந்தது. ராபர்ட்ஸும் கிளார்க்கும் ஃபயர்ஃபால் குழுவில் இணைந்தார்கள். பின்னர் க்ளைனோவும் எத்ரிட்ஜும் அதே பெயரில் வேறொரு குழுவை எழுப்பினார்கள். பல ஆண்டுகள் பலர் கைமாறி அந்தப் பெயர் ஓடியது.

பரிட்டோஸை விட்டுப் பிரிவதற்கு முன் ஹில்மன் ஒரு பெரிய நன்மை செய்தார். வாஷிங்டனில் ஒரு சிறிய கிளப்பில் எம்மிலூ ஹாரிஸ் என்ற இளம் பாடகியை அவரும் ராபர்ட்ஸும் கேட்டார்கள். தான் விலக்கிய நண்பரிடமே, அந்தப் பெண்ணைப் போய்க் கேள் என்று சொன்னார். ஹில்மன் விட்ட இடத்தில் இரண்டாம் குரலாக வந்து நின்றவர் எம்மிலூ. எல்விஸின் கிதார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் முதலானோர் வாசிக்க, பார்சன்ஸின் தனி ஆல்பங்களான ‘ஜி.பி.’ 1973இலும் ‘கிரீவஸ் ஏஞ்சல்’ 1974இலும் வெளிவந்தன. இரண்டாவது வந்தபோது பார்சன்ஸ் இல்லை. 1973 செப்டம்பர் 19 அன்று ஜோஷுவா ட்ரீ விடுதியில் மார்ஃபினும் மதுவும் சேர்ந்து அவர் உயிரைப் பறித்தன. வயது 26. அவர் உடலை நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து கடத்திப்போய்ப் பாலைவனத்தில் எரித்த கதையைத்தான் உலகம் அதிகம் பேசுகிறது. அந்தக் கதையால் பாடல்கள் மறைந்துபோனதுதான் மிச்சம்.

இறந்தவரைச் சுற்றி ஒரு புராணம் வளர்ந்தது. உயிரோடிருந்து, குடும்பம் நடத்தி, எண்பதுகளில் டெசர்ட் ரோஸ் பேண்ட் என்ற குழுவைத் தொடங்கி, கன்ட்ரி வானொலியிலேயே வரிசையாக வெற்றிப் பாடல்கள் தந்த ஹில்மனைச் சுற்றி எதுவும் வளரவில்லை. முன்பு கதவைச் சாத்திய அதே வானொலிகள் அவை. க்ளைனோ திரைத்துறைக்கே திரும்பி, ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’, ‘தி டெர்மினேட்டர்’ படங்களின் தந்திரக்காட்சிகளில் பணியாற்றி, 2007இல் மறைந்தார். எத்ரிட்ஜ் வில்லி நெல்சனோடு வாசித்து, 2012இல் மறைந்தார்.

பரிட்டோஸ் போட்ட விதையின் விளைச்சல் வேறு களஞ்சியங்களுக்குப் போனது. லெடன் இருந்த ஈகிள்ஸின் 1971–75 தொகுப்பு ஆல்பம் அமெரிக்காவில் 2018இல் 38 மடங்கு பிளாட்டினம் சான்றிதழ் பெற்று, அந்நாட்டில் அதிகம் விற்ற ஆல்பங்களின் உச்சியில் நிற்கிறது. ஈகிள்ஸின் பாடல்கள் கச்சிதமானவை, தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டவை. அதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் பரிட்டோஸ் செய்யாத ஒத்திகையைச் செய்தவர்கள். ஆனால் ‘ஹாட் பரிட்டோ’ முதலாவதில் கேட்கும் உடைந்த குரல் அந்தப் பளபளப்புக்குள் வராது. லெடனே அதை அறிந்தவர். 1974இல் ஈகிள்ஸ் ஆல்பத்தில் ‘மை மேன்’ என்று பார்சன்ஸுக்கு ஓர் அஞ்சலிப் பாடல் எழுதினார்.

கிராம் பார்சன்ஸ் என்ற தனிமனிதரின் மேதைமையால் ஒரு இசைவகை பிறந்தது, அவருடைய அழிவால் குழு அழிந்தது என்பதே புத்தகங்களும் படங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அது பாதி உண்மை. இரண்டு நண்பர்கள் சில மாதங்கள் ஒரே கூரையின் கீழ் எழுந்து, ஒரே மேசையில் எழுதினார்கள். அவர்களோடு ஒரு மிசிசிப்பிக்காரரும் ஒரு அசைவூட்டக் கலைஞரும் சேர்ந்தார்கள். ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ கிடைத்தது. அந்தக் கூட்டு நின்றபோது குழுவும் நின்றுவிட்டது. மேடையில் பெயர் மட்டும் இன்னும் கொஞ்சகாலம் ஓடியது. அந்த ஆல்பத்தை இன்று யாரும் எளிதில் கேட்கலாம். முதலில் ‘சின் சிட்டி’யைப் போடுங்கள். ஒருமுறை பார்சன்ஸுக்காகக் கேளுங்கள். அடுத்தமுறை ஹில்மனின் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மூன்றாம் முறை க்ளைனோவின் ஸ்டீல் கிதாருக்காக. புகழைப் பங்கிட வேண்டியது எத்தனை பேருக்கு என்பது அப்போது காதுக்கே தெரிந்துவிடும்.